டோனர் தீரவில்லை: மூன்று பள்ளிக்கூடப் படக்கதைகள்

மதுரையில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மார்ச், ஏப்ரல் வந்தால் பிராஜெக்ட் பைண்டிங்குக்கு வாசல் வரை ஆள் நிற்கும். போன வருடம் அப்படி ஒரு நாளில் பி.எட். படிக்கிற பெண் ஒருவர் வந்தார். படக்கதைகளை வைத்து வகுப்பில் பாடம் நடத்துவது பற்றி அவர் எழுதிய பிராஜெக்ட். கடைசியில் சேர்ப்பதற்காக ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஐந்தாறு பக்கம் நகல் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒரு பக்கம் சரியாக விழவில்லை. படங்கள் இருக்கின்றன, ஆட்கள் வாயைத் திறந்து பேசுகிறார்கள், தலைக்கு மேலே பலூன் இருக்கிறது, பலூனுக்குள் எழுத்து இல்லை. டோனர் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மெஷினைத் திறந்துவிட்டேன்.

"அண்ணே, டோனர் இல்ல. புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கு. அந்தப் பிள்ளைக்குக் காது கேக்காது. அதனால படிக்கிற நமக்கும் கேக்காது" என்றார் அவர்.

கையில் காகிதத்தோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். முப்பது வருடமாகப் படக்கதை படிக்கிறவன் நான். பலூனைக் காலியாக விட்டே ஒரு விஷயத்தைச் சொல்ல முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். புத்தகத்தின் பெயரை பில் புக்கின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டேன். 'எல் டெஃபோ'. எழுதி வரைந்தவர் சீசீ பெல்.

எழுதி வாங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் மகள் அந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளிக்கூடம் போக இருந்தாள். ஐந்தாவது வரை தெருமுனையில் இருந்த சின்னப் பள்ளிக்கூடம். வகுப்புக்கு இருபது பிள்ளைகள். புதுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு மட்டும் ஐந்து செக்‌ஷன். போக ஆரம்பித்த இரண்டாவது வாரமே டிபன் பாக்ஸ் பாதி சாப்பாட்டோடு திரும்பி வந்தது. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா". அம்மா கேட்டாலும் அதே பதில். பிறகு ஒரு நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்: "யார்கூட உக்காந்து சாப்பிடறதுன்னு தெரியலப்பா." அவ்வளவுதான் பிரச்சினை. ஆனால் பதினொரு வயதில் அதைவிடப் பெரிய பிரச்சினை எது?

புத்தகத்துக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். ஒரே புத்தகத்துக்கு இரண்டு விலை இருந்தது. பாதி விலைக்குக் கொடுத்த விற்பனையாளரிடம் வாங்கினேன். வந்ததைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, கள்ளப் பதிப்பு. அட்டை லேமினேஷன் ஓரத்தில் குமிழ் விட்டிருந்தது. உள்ளே கம் பைண்டிங். முதுகை லேசாக மடக்கினாலே தாள் கழன்றது. வண்ணங்கள் வெயிலில் காய்ந்த துணி மாதிரி. வேறு புத்தகமாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டிருப்பேன். இந்தப் புத்தகத்தில் அது நடக்காது. ஏனென்றால் இதில் ஓர் இடத்தில் சீசீயின் காது மெஷினில் பேட்டரி தீர்ந்துகொண்டே வருகிறது. எதிரே இருப்பவர் பேசப் பேச, பலூனுக்குள் எழுத்து கறுப்பிலிருந்து சாம்பலாகி, மங்கி, கடைசியில் இல்லாமலே போகிறது. கள்ளப் பதிப்பில் எல்லாப் பக்கத்து எழுத்தும் மங்கல். எது பேட்டரி தீர்ந்த மங்கல், எது மட்டமான அச்சு என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? திருப்பி அனுப்பிவிட்டு, பெங்களூரில் இருக்கும் மச்சானிடம் சொல்லி ஒரு புத்தகக் கடையிலிருந்து நல்ல பிரதி வாங்கினேன். வாங்க நினைப்பவர்களுக்கு என் முதல் வார்த்தை இதுதான்: அசல் பிரதியை வாங்குங்கள். இந்தப் புத்தகங்களில் அச்சும் கதையின் ஒரு பகுதி.

'எல் டெஃபோ' 2014-ல் வந்தது. சீசீ பெல் தன் சொந்தக் கதையைத்தான் சொல்கிறார். நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது கேட்காமல் போகிறது. 1970-களின் அமெரிக்கா. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நெஞ்சில் ஒரு பெட்டியை வார் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து இரண்டு வயர் காதுக்குப் போகிறது. ஃபோனிக் இயர் என்று பெயர். டீச்சர் கழுத்தில் மைக் மாட்டிக்கொள்வார், அவர் பேசுவது நேராக இவள் காதில் விழும். டீச்சர் மைக்கைக் கழற்றாமல் வகுப்பை விட்டு வெளியே போனாலும் விழும். ஆசிரியர் அறையில் பேசுவது கேட்கும், பாத்ரூம் போனால் அதுவும் கேட்கும். இதைப் படித்துவிட்டு என் மகள் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து அவள் அம்மா ஓடி வந்தாள்.

அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு சீசீ தன்னை ஒரு சூப்பர் ஹீரோவாக நினைத்துக்கொள்கிறாள். அந்தக் கற்பனைப் பாத்திரத்தின் பெயர்தான் எல் டெஃபோ. ஆனால் சூப்பர் ஹீரோ கதை இல்லை இது. ஒரு நல்ல சிநேகிதி வேண்டும் என்று ஏங்குகிற பிள்ளையின் கதை. ஒரு சிநேகிதி எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறாள். இன்னொருத்தி நல்லவள்தான், ஆனால் இவளிடம் பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, சத்தமாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்கிறாள். உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்கிறாள். வலி என்னவோ இவளுக்குத்தான்.

என்னைப் பிடித்துக்கொண்ட இடம் வேறு. சிநேகிதி வீட்டில் இரவு தங்கப் போகிறாள் சீசீ. பிள்ளைகள் எல்லோரும் பாயைப் போட்டுப் படுத்துக் கதை பேச ஆரம்பிக்கிறார்கள். விளக்கை அணைத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்குக் கொண்டாட்டமே அப்போதுதான் தொடங்குகிறது. சீசீ உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறவள். இருட்டில் உதடு ஏது? அம்மாவுக்கு போன் போட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள். யாரும் அவளைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை, எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஒரு சுவிட்சைத் தட்டியதில் ஒரு பிள்ளை வெளியே போய்விட்டது. பள்ளிக்கூட வாழ்க்கையில் முக்கால்வாசி இப்படித்தான் நடக்கிறது. வில்லன் கிடையாது.

பாத்திரங்கள் எல்லாம் முயல்கள். நீளக் காது. எல்லோருக்கும் காது பெரிசாக இருக்கிற ஊரில் தன் காது மட்டும் வேலை செய்யவில்லை என்ற உணர்வு தனக்கு இருந்ததால்தான் முயலாக வரைந்தேன் என்று சீசீ பெல்லே சொல்லியிருக்கிறார். கடைசியில் ஆசிரியரின் குறிப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். காது கேளாதவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை, சைகை மொழியே தன் மொழி என்று வாழ்கிறவர்கள் உண்டு, இது என் ஒருத்தியின் கதை என்று பொறுப்போடு எழுதியிருக்கிறார்.

என் மகள் அதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தாள். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பா, எங்க வகுப்புல ஒரு பிள்ளை காது மெஷின் போட்டிருக்கா. மிஸ் போர்டைப் பாத்துத் திரும்பிக்கிட்டே பேசினா அவளுக்குப் புரியாதுல்ல?" ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பிள்ளை அதே வகுப்பில்தான் இருந்தாள். இவள் அவளைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்த்ததே அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து வாங்கியது 'ஆக்வர்ட்', 2015-ல் வந்தது. ஸ்வெட்லானா ஷ்மாகோவா என்பவர் எழுதி வரைந்தது. ரஷ்யாவில் பிறந்து பதினாறு வயதில் கனடா போனவர். புது இடத்தில் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த கை என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறது. பெப்பி என்ற பெண் பெர்ரிபுரூக் என்ற கற்பனைப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்கிறாள். முதல் நாளே நடைபாதையில் ஒரு பையன் மேல் மோதி, கையில் இருந்தது எல்லாம் சிதறுகிறது. ஜெய்மி என்ற அந்த அமைதியான பையன் குனிந்து எடுத்துக் கொடுக்க வருகிறான். சுற்றி நிற்கிறவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக் கேலி பேசுகிறார்கள். பெப்பி பயத்தில் அவனைத் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். கேட்க வாய் வரவில்லை. நாட்கள் போகின்றன. அப்புறம் பார்த்தால் இவள் ஓவியச் சங்கம், அவன் அறிவியல் சங்கம், இரண்டு சங்கத்துக்கும் ஆகாது. போதாக்குறைக்கு அறிவியலில் பின்தங்கிய இவளுக்குப் பாடம் சொல்லித்தர வருகிறவனும் அவனே.

நான் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவன். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன்தான். அதை நான் படித்தது பல வருடம் கழித்து, பழைய புத்தகக் கடையில். மின்சாரம் பட்டால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். வகுப்பில் கணக்கு வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம், பிளக்கில் விரலை வைத்து மறைந்துவிட முடியாதா என்று நினைத்திருக்கிறேன். பெப்பியும் அதையேதான் நினைக்கிறாள். பொல்லாத பிள்ளைகள் கண்ணில் படாமல் இருப்பதுதான் பள்ளிக்கூடத்தில் பிழைக்கும் முதல் விதி என்று மனசுக்குள் விதி எழுதி வைத்திருக்கிறாள். மாயாவி மறைந்து போய் உலகத்தைக் காப்பாற்றினான். பெப்பி மறையப் பார்ப்பது வகுப்பு நடைபாதையைக் கடப்பதற்கு. இரண்டாவதுதான் எனக்கு நிஜமாக நடந்தது. அதைப் படக்கதையாக அந்த வயதில் எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஷ்மாகோவாவின் முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியப் படக்கதைகளின் 'மாங்கா' பாணி கலந்த கோடு. பெரிய கண், சின்ன மூக்கு. பெப்பி மன்னிப்புக் கேட்கப் போய் நின்று, வாய் திறந்து, மூடி, காது வரை சிவக்கிற மாதிரி இடங்களில் வசனமே தேவைப்படவில்லை. நான் பிளஸ் டூவோடு நிறுத்தியவன். ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். இந்தப் புத்தகத்தில் பாதியை முகத்தைப் பார்த்தே படித்துவிட்டேன். மீதியை மகள் சொன்னாள். அந்தத் தலைப்புக்குத் தமிழில் என்ன என்று கேட்டேன். கூச்சம் என்றாள், பிறகு சங்கடம் என்றாள், இரண்டும் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்வோம்லப்பா, அது" என்றாள். எந்த அகராதியிலும் அவ்வளவு சரியான பதில் இருக்காது.

இதே பள்ளிக்கூடத்தை வைத்து அடுத்தடுத்த புத்தகங்கள் இருக்கின்றன. 'பிரேவ்' 2017, 'கிரஷ்' 2018. முதல் புத்தகத்தில் ஓரத்தில் நின்ற பையன் அடுத்ததில் நடுவே வருகிறான். 'பிரேவ்' ஜென்சன் என்ற பையனுடைய கதை. சூரியப் புள்ளிகளைப் பற்றிக் கவலைப்படுகிறவன், கணக்கில் தடுமாறுகிறவன், தன்னைச் சீண்டுவதைக் கொடுமை என்றே எண்ணாமல் தினமும் கடந்து போகிறவன். ஆண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'கிரஷ்' கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஏழாவது, எட்டாவதுக்குச் சரியாக இருக்கும்.

மூன்றாவது, ஜெர்ரி கிராஃப்ட் எழுதி வரைந்த 'நியூ கிட்', 2019. அமெரிக்காவில் சிறுவர் புத்தகங்களுக்கு 1922-லிருந்து கொடுத்துவரும் நியூபெரி விருதைப் பெற்ற முதல் கிராபிக் நாவல் இதுதான், 2020-ல். ('எல் டெஃபோ' 2015-ல் அதே விருதின் சிறப்புப் பட்டியலில் வந்தது.) நியூயார்க்கில் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் இருக்கும் ஜோர்டன் பேங்க்ஸ் என்ற கறுப்பினப் பையன். ஓவியப் பள்ளிக்குப் போக ஆசை. அம்மாவோ பெரிய தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார். அங்கே அவனைப் போன்ற பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அவனுடைய பஸ் பயணத்தை. வீட்டுப் பக்கம் இருக்கும்போது ஒரு தோரணை. பஸ் ஒவ்வொரு பகுதியாகத் தாண்டத் தாண்ட, ஏறுகிற ஆட்கள் மாற மாற, அவன் உடையும் உட்காரும் விதமும் முகமும் மாறுகின்றன. பள்ளிக்கூடம் வருவதற்குள் வேறு பையனாகிவிடுகிறான். நிறம் மாறும் பச்சோந்தி மாதிரி. கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் மதுரைக்குப் படிக்க வந்தவன் நான். பெரியார் நிலையத்தில் இறங்குவதற்குள் பேச்சை மாற்றிக்கொள்ளப் பழகியவன். எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, சொன்னதும் மாறுகிற முகங்களைப் பார்த்தவன். நியூயார்க்கில் அதற்குப் பெயர் வேறு. அந்தப் பக்கத்தை மகளிடம் காட்டி, என் பஸ் கதையை முதல் தடவையாகச் சொன்னேன்.

இந்தப் புத்தகத்திலும் யாரும் கத்துவதில்லை. ஓர் ஆசிரியை ட்ரூ என்ற கறுப்பினப் பையனை, அதற்கு முன்பு படித்த வேறொரு பையனின் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார். மறுபடி மறுபடி. அவருக்கு அது சின்னத் தவறு. அவனுக்கு ஒவ்வொரு நாளும் நடப்பது. ஜோர்டன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஸ்கெட்ச் புக்கில் வரைந்து தள்ளுகிறான். கதை வண்ணத்தில் இருக்க, அந்த ஸ்கெட்ச் புக் பக்கங்கள் மட்டும் கறுப்பு வெள்ளை. அதில்தான் அவன் உண்மை பேசுகிறான். 2021-ல் டெக்சாஸில் ஒரு கல்வி மாவட்டம் பெற்றோர் புகாரால் இதைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டு, ஆராய்ந்து பார்த்துத் திரும்ப வைத்தது. நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்: ஒன்பது வயதுக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

குறைகளும் இருக்கின்றன. விலைதான் பெரிசு. நான் வாங்கியபோது ஒவ்வொன்றும் அறுநூறுக்கு மேல். என் கடையில் ஒரு நாள் லாபம் சில நாள் அதைவிடக் குறைவு. மூன்றையும் மூன்று மாதத்தில் வாங்கினேன். பள்ளி நூலகங்கள் ஆளுக்கு ஒரு பிரதி வாங்கி வைத்தால் நூறு பிள்ளைகள் படிப்பார்கள். இரண்டாவது, பைண்டிங். அசல் பிரதியும் கம் பைண்டிங்தான். தாள் நல்ல கனம், ஆனால் பிள்ளைகள் தரையில் விரித்து வைத்துப் படிப்பார்கள். முதுகில் வெடிப்பு விழும். உள் ஓரத்தில் இடமும் குறைவு. வாங்கியதும் முன் பத்து, பின் பத்து என்று தாள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து நீவிவிட்டுக் கொடுங்கள், நாள்படும். நூலகத்துக்கு வாங்குகிறவர்கள் அட்டையைப் பிரித்து, ஓரத்தில் துளை போட்டுத் தைத்து, காலிகோ துணி முதுகு ஒட்டிவிடுவது நல்லது. ஒரு பிரதிக்கு அரை மணி நேர வேலை.

மூன்றாவது, சூழல். லாக்கர், காஃபிடேரியா, சிநேகிதி வீட்டில் இரவு தங்குவது எல்லாம் நம் பிள்ளைகளுக்குப் புதிது. மகள் ஒன்றிரண்டு இடத்தில் நிறுத்திக் கேட்டாள். அது தடையாக இல்லை. என் ஏக்கம் வேறு. நான் தேடிய வரையில் இவை தமிழில் கிடைக்கவில்லை. மொழிபெயர்த்தால் நல்லது. அதைவிட, நம் பள்ளிக்கூடத்தையே யாராவது இப்படி வரைய வேண்டும். காலை வழிபாட்டில் வரிசையில் நிற்பது, சத்துணவுத் தட்டு கழுவும் குழாயடி, லீடர் போர்டில் எழுதும் 'பேசியவர்கள்' பட்டியல், பரீட்சை அட்டைக்குப் பின்னால் ஒளித்து வரைந்த படம். இவ்வளவும் காத்துக்கிடக்கிறது. வரையத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து தொடங்குங்கள். டம்மி பிரதிகளை நான் பைண்ட் செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 'எல் டெஃபோ'. புதுப் பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால் 'ஆக்வர்ட்'. 'நியூ கிட்' புத்தகத்தைப் பெற்றோரும் கூட உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் 'எல் டெஃபோ' இப்போது வீட்டில் இல்லை. காது மெஷின் போட்ட பிள்ளை என்று சொன்னேனே, அவள் வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் மகளிடம் கேட்டேன். அவள் படித்து முடித்துவிட்டாளாம். இப்போது அவளுடைய அம்மா படித்துக்கொண்டிருக்கிறாராம், தினம் இரண்டு பக்கமாக, பக்கத்தில் மகளை உட்கார வைத்துக்கொண்டு.